தொரையாத்தாவுக்கு எது ஊர்?

பரம்பரையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றெல்லாம் நான் கிளம்பவில்லை. அம்மாவின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கப் போனேன், அவ்வளவுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவருக்கு 2017இல் பேர் வெட்டினார்கள், அதாவது வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காசு வந்தால் இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) மேலே ஓட்டையாகிக் கிடக்கும் தகரத்தை மாற்றிவிட்டு, மிச்சத்தை வங்கிப் புத்தகத்தில் போடலாம் என்று நானும் அவரும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம். கவுண்டரில் இருந்தவர் பத்திரங்களை வரிசையாக விரித்துப் பார்த்துவிட்டு, இது இரண்டு பேருடைய பத்திரம் என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அடையாள அட்டையில் அம்மாவின் பேர் "அம்மா" என்று முடிகிறது, தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் "ஆயி" என்று முடிகிறது. பிறந்த வருஷமும் இரண்டு வருஷம் தள்ளி நிற்கிறது. (முழுப் பேரையும் இங்கே போடாதே என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பேரை எழுதிப் பட்டதெல்லாம் போதும்.")

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், "கொழுந்து நிறுக்கிறப்ப ஒரே ஆளாத்தான் நின்னேன். காசு கேக்குறப்ப மட்டும் ரெண்டு ஆளாயிட்டேனா?"

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கதை புதிதல்ல. பிள்ளை பிறந்தால் தகப்பன் ஒரு பேர் சொல்வார், கங்காணி வாயில் அது ஒரு மாதிரி மாறும், கணக்கப்பிள்ளை தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதுவார், பிறகு சிங்களத்தில் ஒருவர் எழுதுவார், அதைப் பார்த்து மறுபடி தமிழில் இன்னொருவர் எழுதுவார். இத்தனை கை மாறி ஒரு பேர் முழுசாக வந்து சேர்ந்தால்தான் ஆச்சரியம். சரி, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை எடுத்து, இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தால் வேலை நடக்கும் என்றார்கள். நடந்தது, ஒன்றரை வருஷம் கழித்து. அந்த அலைச்சலை எழுதினால் அதுவே தனிப் பதிவாகிவிடும், விடுங்கள்.

நான் சொல்ல வந்தது அந்தப் பத்திரத்தில் இருந்த இரண்டு கட்டங்களைப் பற்றி.

ஐம்பதுகளுக்குப் பிறகு இலங்கையில் பிறந்தவர்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், அநேகமாக இருக்கும். தகப்பன் பேர், தாய் பேர், அவர்கள் பிறந்த இடம், இனம் எல்லாம் முடிந்த பிறகு, பாட்டனார் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருடைய பேர், பிறந்த வருஷம், இடம் என்ன என்று ஒரு கட்டம். அதற்கு அடுத்தது, தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம். நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பிக்கிறேன். முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான பத்திரங்கள் என் கையால் போயிருக்கின்றன, ஒரு நாளும் இந்தக் கட்டத்தை நின்று வாசித்ததில்லை. பாட்டனுக்கும் ஒரு பிள்ளையின் பிறப்புக்கும் அரசாங்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கவும் தோன்றியதில்லை.

அம்மா 1957இல் பிறந்தவர். அவருடைய பத்திரத்தில் இரண்டு கட்டத்திலும் மையால் ஒரு கோடு இழுத்திருந்தது.

விஷயம் என்னவென்றால், 1948 நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன் இங்கே பிறந்த ஒருவர் பரம்பரை வழியில் பிரஜையாக வேண்டுமென்றால் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். கிராமத்தில் இருப்பவரிடம் போய் உன் பாட்டன் பத்திரத்தைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. எங்களிடம் கேட்டார்கள். பாட்டன் எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்தார், அந்த லயம் இப்போது இருக்கிறதா, அந்த வருஷத்துப் பிறப்பைத் தோட்டத்தை நடத்திய துரை பதிந்தாரா, மறந்தாரா, யாருக்குத் தெரியும்? இப்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் எச்சிலைக் குப்பியில் துப்பித் தபாலில் அனுப்பிப் பூர்வீகம் பார்க்கிறார்களாம், பொழுதுபோகாமல். எங்கள் ஆட்கள் ஐம்பதுகளிலேயே பாட்டன் பூட்டனைத் தேடித் தோட்டம் தோட்டமாக அலைந்துவிட்டார்கள், இருக்கிற இடத்தில் இருப்பதற்காக.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தது யார் என்று கேட்க எனக்கு மிஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர். அம்மாயியின், அதாவது அம்மாவுடைய அம்மாவின் தங்கை, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் பழைய லயத்திலேயே இருக்கிறார். எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டால் "பெரிய மலேரியாக் காச்சல் வந்த வருசம்" என்பார். பத்திரம் 1934 என்கிறது. அந்தக் கொள்ளைநோய் தொடங்கியதும் 1934 கடைசியில்தான். ஆக, பத்திரத்தைவிடச் சின்ன அம்மாயியை நம்பலாம் என்று ஒரு தைரியம் வந்தது.

அவருடைய அம்மாவை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தொரையாத்தா என்றுதான் சொல்வோம். செக்ரோலில் வேறு பேர் இருந்தது, லயத்தில் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஏன் தொரையாத்தா என்றால், துரை பங்களாவில் வேலை செய்தவராம். நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை அது. கொஞ்சம் பெருமையாகவும் சொல்வார்கள். மாமா ஒருவர் தண்ணி போட்டால் மட்டும் வேறு மாதிரிச் சொல்வார், அம்மாயி கொஞ்சம் வெளுப்பு, கண்ணும் கொஞ்சம் பூனைக்கண், அதற்கு மேல் அவர் வாயைத் திறக்குமுன் யாராவது எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த நாள் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பங்களா வேலைக்குப் போன பெண்களுக்கு என்ன நடந்தது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தப் பேச்சை இல்லை என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு முடித்து, வெறுந்தேத்தண்ணி கையிலிருக்கும்போது கேட்டேன்.

"அம்மாயி, தொரையாத்தா எப்புடி இங்க வந்தாங்க?"

"எப்புடி வந்தாங்களா? கங்காணி கூட்டியாந்தான், வந்தாங்க."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஊரில் விஷக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். தாய்மாமன் எடுத்து வளர்த்தார், அவருக்கே கஞ்சிக்கு வழியில்லை. கண்டிச்சீமையில் தேங்காயும் மாசியும் கொட்டிக் கிடக்கிறது என்று கங்காணி ஊருக்குள் வந்து சொல்ல, ஆறு குடும்பம் ஒன்றாகக் கிளம்பியது. தொரையாத்தாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். விஷக்காய்ச்சல் என்றதும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது, 1918இல் உலகம் முழுக்கச் சுற்றி வந்த அந்த இன்புளுவென்சாவாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இவர்கள் வந்தது 1919 அல்லது 1920. அதற்கு முந்தைய தலைமுறை மாதிரி மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடக்க வேண்டி வரவில்லை. காப்பிக் காலத்தில் அந்தப் பாதையில் வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது, இரண்டு பக்கமும் கோச்சி, அதாவது ரயில். கப்பல் ஏறுமுன் மண்டபத்தில் ஆட்களைப் பரிசோதிக்கும் கேம்ப்.

"மண்டபம் கேம்புல துணியெல்லாம் அவுத்து வாங்கி ஆவியில போட்டாங்களாம். போட்டிருந்த ஒரே பாவாடை சுருங்கிப் போச்சுனு ஆத்தா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுருந்துச்சு. ஊசி குத்துனாங்க. கழுத்துல தகரம் கட்டிவிட்டாங்க."

தகரம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தகரத்துண்டு முறை 1901இல் வந்தது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதற்கு எழுத்தும் இலக்கமும் அடித்த ஒரு தகரம். அது கழுத்தில் இருந்தால் கப்பலுக்கும் கோச்சிக்கும் சாப்பாட்டுக்கும் வழியில் யாரும் காசு கேட்க மாட்டார்கள், பில் நேராகத் தோட்டத்துக்குப் போகும். தோட்டம் அதைக் கங்காணி கணக்கில் எழுதும், கங்காணி அதைக் கூலியாள் தலையில் எழுதுவான். வந்து இறங்கும்போதே கடன். தோட்டம் மாறினால் இத்தனை ரூபாய் கட்டி இந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்கள், அந்தக் கடன் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு கடன் இருந்திருக்கும்.

"அந்தத் தகரம் இப்ப எங்க அம்மாயி?"

"ரொம்ப நாளு செவத்துல ஆணியில தொங்குச்சு. பொறகு ஒரு ஆட்டுக்குட்டி வளத்தோம், அது கழுத்துல ஒரு மணியோட சேத்துக் கட்டுனோம். நல்லா சத்தம் வரும்."

"ஆடு?"

"தீவாளிக்குப் போயிருச்சு. தகரம் எங்கனு தெரியல சாமி." என் முகத்தைப் பார்த்திருப்பார். "ஏன், அதுக்கு இப்ப காசு குடுக்குறாங்களா?"

அன்றைக்குப் பொழுது இருட்டும் வரை பேசினோம். காலை ஐந்து மணிக்குத் தப்பு அடித்தால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், பிந்தினால் விரட்டிவிடுவார்கள், அன்றைக்குப் பேர் இல்லை. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம் என்பதை வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுவார்கள், பால் கொடுக்க இடையில் ஓடி வருவார்கள், மறுபடி ஓடுவார்கள். மழைக்குக் கம்பளி, அதன் விலையும் சம்பளத்தில் வெட்டு. இடுப்பில் படங்குச் சாக்கு, காலில் ஒன்றும் கிடையாது, அட்டைக்குச் சவுக்காரம். நிறுவைக்கு வந்தால் கூடைக்கு இத்தனை றாத்தல், ஈரத்துக்கு இத்தனை றாத்தல் என்று கழிவு. வெயில் நாளிலும் ஈரத்துக்குக் கழித்தார்களா என்று கேட்டேன். "வெயில்னா வேர்வை ஈரம்" என்றார், சிரிக்காமல்.

தொரையாத்தாவின் கையைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் நிற்கிறது. வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்து, நுனியில் குறுக்கும் நெடுக்கும் வெடித்திருக்கும். கொழுந்துக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. இரவில் மிளகாய் அரைக்கும்போது எரியும் என்பதால் அம்மியை மகள்களிடம் விட்டுவிட்டு, தேங்காயெண்ணெயை விளக்குச் சுடரில் காட்டிச் சூடாக்கி வெடிப்புக்குள் விடுவார். விடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏதாவது பாட்டு முனகுவார். "அந்தக் கையால எங்க கன்னத்தைத் தடவுனா கீறும். அதனால பொறங்கையாலதான் தடவும்."

அவர்கள் இருந்த அந்தக் காம்பராவை, லயத்து ஒற்றை அறையை, அளந்தேன், கணக்கு வாத்தியார் புத்தி. பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. நூற்றிருபது சதுர அடியில் புருஷன், பெண்சாதி, ஆறு பிள்ளைகள், புருஷனுடைய தம்பி. (தொரையாத்தா தாய்மாமன் மகனையே கட்டியிருந்தார்.) ஆளுக்குப் பதின்மூன்று சதுர அடியும் கொஞ்சமும். ஒரு கதவு, ஒரு ஜன்னல். சேலையைக் குறுக்கே கட்டி இரண்டாகப் பிரிப்பார்கள், அடுப்பு இஸ்தோப்பில், அதற்கு மேலே பரணில் விறகு காயும், புகை முழுக்க உள்ளேதான். படுக்கைக்குச் சாக்கு. ஒரே பீலியில் இருபது குடும்பம் தண்ணீர் பிடிக்கும்.

சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் அம்மாயிக்கு நினைவில்லை, அதைப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைகளுக்கு 32 சதம். தோட்டம் கொடுக்கும் அரிசிக்கு அதிலிருந்து வெட்டு. கொழுந்து பறிப்பது பெண்கள், கொழுந்துதான் தோட்டத்துக்கு வருமானம், சம்பளத்தில் 11 சதம் குறைவதும் அவர்களுக்கே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் ஆனது 1984இல். தொரையாத்தா 1968இலேயே போய்விட்டார்.

இன்னொரு விஷயமும் சொன்னார். கடைசிக் காலத்தில் கண் மங்கிப்போய் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருப்பாராம். திடீரென்று, "பச்சமலையில மழை எறங்குது, மாட்டைப் புடிச்சுக் கட்டு" என்று சத்தம் போடுவாராம். "எங்ககிட்ட மாடே கெடையாது சாமி" என்று சொல்லிச் சின்ன அம்மாயி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பங்களாவில் என்ன வேலை செய்தார் என்று கேட்டபோது மட்டும் பதில் இல்லை. "நாம் பொறக்குறதுக்கு முந்தி இருக்கும்" என்றார். அவருக்குத் தெரிந்து ஆத்தா பங்களாப் பக்கமே போனதில்லை, துரையின் நாய்க்குப் பயம். நானும் அதற்கு மேல் துருவவில்லை.

பிறகு ஆவணச் சுவடிகளில் கொஞ்ச நாள் கழிந்தது. தேடுகிறவர்களுக்கு ஒரு உதவியாகச் சொல்கிறேன், பெர்குசன் டிரெக்டரி என்று பழைய ஆண்டேடு ஒன்று உண்டு, தோட்டம் தோட்டமாக எத்தனை ஏக்கர், சொந்தக்காரன் யார், துரை யார், கொழும்பில் ஏஜென்சி எது என்று அத்தனையும் அதில் இருக்கும். வெள்ளைக்காரன் வைத்த பேரும் எங்கள் சனங்கள் சொல்லும் பேரும் வேறு வேறாக இருப்பதால், தோட்டங்களின் தமிழ்ப் பேர்களுக்கும் ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள், கிழவிகள் சொல்லும் தோட்டம் எது என்று கண்டுபிடிக்க அது உதவும். எங்கள் தோட்டம் இருந்தது. 1920களில் இருந்த துரையின் தலையெழுத்துகள் முதற்கொண்டு இருந்தன. அதில் கூலியாள் பேர் ஒன்றுகூட இருக்காது என்று தெரிந்தேதான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

ஜேம்ஸ் டெய்லரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். 1892இல் அவர் இறந்தபோது 24 பேர் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தோள் மாற்றிக் கண்டி வரைக்கும் தூக்கிப் போனார்களாம். மஹியாவை மயானத்தில் அவர் கல்லை இன்றைக்கும் போய் வாசிக்கலாம். தூக்கிய அந்த 24 பேரின் பேர் எனக்கு எங்கும் தட்டுப்படவில்லை. தொரையாத்தாவைப் புதைத்த இடத்தைச் சின்ன அம்மாயி ரோட்டில் நின்றே கையை நீட்டிக் காட்டினார், மூன்றாம் நம்பர் மலையில் வடிகால் கானுக்கு மேலே. இப்போது அங்கே தேயிலை. கவ்வாத்து வெட்டி ஒரு வருஷம் ஆகியிருக்கும், நன்றாகத் துளிர்த்திருந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடித்துவைத்தது இந்தியா.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் ஆட்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது நாடற்றவர்கள் என்று கணக்கில் இருந்தவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பமும் அந்தக் கணக்கில் இரண்டாகப் போனது. அம்மாயியின் அண்ணன் இங்கேயே பிறந்தவர்தான். ஆனால் அவருடைய தகப்பன் இந்தியாவில் பிறந்தவர். இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்டிப் பிரஜாவுரிமை கேட்கும் 1949 சட்டத்தின் கீழ் குடும்பமாக விண்ணப்பம் போட்டுப் பார்த்தார்கள். நடுவில் ஒரு தடவை ஊரில் ஒரு சாவுக்கென்று போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டதால் தொடர்ந்து வசித்ததாகச் சொல்ல முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அப்புறம் அவர் இந்தியாவுக்கு எழுதினார், அம்மாயியின் புருஷன் இலங்கைக்கு எழுதினார். 1972இல் ஹட்டன் ஸ்டேஷனில் அவரை ஏற்றிவிட்ட கோச்சியைச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொன்னார்கள். அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. கோச்சி நகர்ந்த பிறகும் ஜன்னலில் பிடித்த கையை விடாமல் அம்மாயி பிளாட்போம் முடியும் வரை ஓடியதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் நினைவில்லையாம்.

அவருடைய பேரன் ஒருவனை பேஸ்புக்கில் பிடித்தேன். கோத்தகிரிப் பக்கம் இருக்கிறான். இங்கிருந்து போனவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு ஆரம்பித்த டான்டீ தேயிலைத் தோட்டத்தில் அவன் அப்பா வேலை செய்தாராம், அதாவது இங்கே விட்ட கூடையை அங்கே போய் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே எங்களை இந்தியாக்காரன் என்கிறார்கள், அங்கே அவர்களைச் சிலோன்காரன் என்கிறார்கள். முறை போட்டுப் பார்த்தால் எனக்குத் தம்பி. தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். இரவு பத்தரை மணி, கரண்ட் இல்லை, போன் வெளிச்சத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பூர்வீகம் என்ற இடத்தில் ஒரு கிராமத்தின் பேர், அடுத்து துறையூர், அடுத்து திருச்சிராப்பள்ளி ஜில்லா.

துறையூர். வாய்விட்டு ஒரு தடவை சொன்னேன். மறுபடி சொன்னேன். துறையூராத்தா. தொறையூராத்தா. தொறையாத்தா.

லயத்தில் வயதானவர்களை ஊர்ப்பேரை வைத்துக் கூப்பிடுவது எனக்குத் தெரியாத பழக்கமா என்ன, முசிறியாத்தா என்று ஒரு கிழவி எங்கள் பக்கத்துக் காம்பராவிலேயே இருந்தார், எனக்கு மிட்டாய்க்குச் சதம் கொடுப்பார். எங்கள் வாயில் றகரமும் ரகரமும் ஒன்றுதான். யாரோ ஒருவர் காதில் அது துரையாக விழுந்திருக்கிறது, துரை என்றதும் ஒரு பங்களா தேவைப்பட்டிருக்கிறது, பங்களா என்றதும் மிச்சக் கதை தானாக வந்து சேர்ந்திருக்கிறது. மாமாவின் குடிப்பேச்சுக்கு ஆதாரம் ஒரே ஒரு எழுத்து. நான் உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பூனக்கண்ணு எங்கருந்து வந்துச்சாம்?" என்றார். அவரைத் திருத்துவதற்கு எந்த ஆவணச் சுவடியும் காணாது.

தம்பி இதில் என்னைவிடச் சூடாகிவிட்டான். அடுத்த மாதமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போய்விட்டான். விசாரிக்கத் தொடங்கியதும் முதலில் அவனிடம் கேட்ட கேள்வி, "சொத்துல பங்கு கேட்டு வந்தீங்களா தம்பி?" இல்லையில்லை என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் திண்ணையில் உட்காரவிட்டார்களாம். ஒரு கிழவர் மட்டும், "கண்டிக்குப் போனவுக வகையறாவா?" என்று கேட்டு, அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் காப்பி கொடுத்தாராம். அதற்கு மேல் அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வீடு எது என்று காட்ட ஆள் இல்லை.

வரும்போது ஊர் எல்லையில் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பினான். காய்ந்த சோளக்காடு, ஒரு பனை, தூரத்தில் நீளமாக ஒரு மலை. காற்றுச் சத்தத்தில் அவன் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. "அண்ணே, பின்னாடி தெரியுது பாருங்க, அதான் பச்சைமலை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழ்க்கணக்குக்குக் கொண்டுபோய்ச் சின்ன அம்மாயியிடம் காட்டினேன். போனை முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். பேர் என்ன சொன்னான் என்று கேட்டார், சொன்னேன். மறுபடி ஓடவிடச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு இஸ்தோப்பிலிருந்து எதிரே தெரியும் தேயிலை மலையைப் பார்த்தார்.

"நாங்க இதைத்தான் சொல்லுதுன்னு நெனச்சோம் சாமி. ஆத்தா மழை எறங்குதுன்னு சொல்லும். நாங்க எதுத்த மலையைப் பாத்துட்டு, இல்ல ஆத்தா, நல்லா வெயிலடிக்குதுன்னு சொல்லுவோம்."